ரங்கூன் பணம், சிதம்பரம் படிப்பு

1929-ஆம் ஆண்டு சிதம்பரத்துக்குக் கிழக்கே, திருவேட்களத்தை ஒட்டிய வெட்டவெளியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் செயல்படத் தொடங்கியது. தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே எழுந்த முதல் பல்கலைக்கழகம் அது. 20 லட்சம் ரூபாய் கொடுத்து அதை நிறுவியவர் கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார். அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்த சில ஆண்டுகள் உலகமே கைமுடையில் கிடந்தது. ஆக, இந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைமுறை மாணவர்கள் சேர்ந்தது, படித்தது, பட்டம் வாங்கி வேலை தேடி அலைந்தது எல்லாமே பெருமந்தத்தின் நடுவில்தான்.

கானாடுகாத்தான் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1910-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்தெடுத்து உருவாக்கிய அந்த மாவட்டம், தனுஷ்கோடி முனையில் தொடங்கி மேற்கே சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நீண்டு கிடந்தது. ராமேஸ்வரம், கீழக்கரை, இராமநாதபுரம், பரமக்குடி, சிவகங்கை, தேவகோட்டை, காரைக்குடி, விருதுநகர் எல்லாம் ஒரே கலெக்டரின் கீழ். வானம் பார்த்த கரிசலும் கண்மாய்ப் பாசனமும்தான் விவசாயம். உள்ளூரில் வயிற்றைக் கழுவ முடியாதவன் கடல் கடந்து போனான். செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் தொழில் செய்யப் போனார்கள்; அதைக் கொண்டுவிக்கப் போவது என்பார்கள். மறவரும் பள்ளரும் பறையரும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் கூலிக்குப் போனார்கள். கீழக்கரை மரைக்காயர்கள் முத்தும் சங்கும் ரத்தினமும் கொண்டு கொழும்புக்குப் போய்வந்தார்கள். மாவட்டத்தில் யார் வீட்டுப் பையன் காலேஜுக்குப் போவது என்பதைக் கடலுக்கு அப்பாலிருந்து வரும் பணமே பெரும்பாலும் முடிவு செய்தது.

அந்தப் பணம் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை 1930 காட்டியது.

பர்மாவில் சுமார் 1,600 செட்டியார் லேவாதேவிக் கடைகள் இருந்தன. பர்மிய விவசாயிக்கு நிலத்தின் பேரில் கடன் கொடுப்பார்கள். அவர் நெல்லை விற்று அடைப்பார். உலகச் சந்தையில் அரிசி விலை விழுந்ததும் இந்தச் சக்கரம் அச்சு முறிந்து நின்றது. விவசாயியால் வட்டியையே கட்ட முடியவில்லை. அடமானத்தில் இருந்த நிலம் கடைக்காரர் கைக்கு வந்தது. 1930-இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1937 வாக்கில் அது 25 பங்காக, ஏறத்தாழ 24 லட்சம் ஏக்கராக ஏறியிருந்தது. காகிதத்தில் பார்த்தால் பெரும் சொத்து. ஆனால் ஊருக்கு உண்டியல் மாற்றி அனுப்பக் கையில் ரொக்கம் இல்லை. அந்த நிலத்தை வாங்குவாரும் இல்லை. நிலத்தைப் பறிகொடுத்த பர்மிய விவசாயியின் கோபம் 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையில் கிளர்ச்சியாக வெடித்தது. செட்டிநாட்டு மாளிகைகளையும் கல்விக்கூடங்களையும் பெருமையோடு பேசும்போது அந்த விவசாயியின் இழப்பையும் சேர்த்துப் பேசுவதே நேர்மை.

இலங்கையில் விழுந்தது ரப்பர் விலை. தோட்டங்கள் பால்வெட்டை நிறுத்தின. கூலியாட்களைத் திருப்பி அனுப்பின. மலேயாவிலிருந்தும் 1930-க்கும் 1932-க்கும் இடையே லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். இலங்கைக்குப் போகிறவர்களை நிறுத்திச் சோதித்து, மருந்தடித்து அனுப்புவதற்காக ஏற்பட்டது மண்டபம் முகாம். இப்போது அதன் வழியே எதிர்த்திசையில் குடும்பம் குடும்பமாகத் திரும்பி வந்தார்கள். கையில் மூட்டையும் பாத்திரமும், இடுப்பில் பிள்ளையுமாக வந்தவர்களுக்கு ஊரில் காத்திருந்தது தண்ணீரில்லாத கண்மாய்.

இந்த நிலையில் ஒரு பையனைக் கல்லூரிக்கு அனுப்புவது என்றால் என்ன செலவு, என்ன பாடு?

முதல் பாடு தூரம். 1930-களில் இந்தப் பெரிய மாவட்டத்தில் பட்டப் படிப்புக்கு வழி இல்லை. இராமநாதபுரத்தில் பழம்பெரும் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளி இருந்தது. விருதுநகரில் நாடார்களின் சத்திரிய வித்தியாசாலை இருந்தது. பத்தாவது, பதினோராவது தாண்டிவிட்டால் மதுரைக்கு, திருச்சிக்கு, சென்னைக்கு, அல்லது புதிதாக வந்த சிதம்பரத்துக்குப் போயாக வேண்டும்.

ரயில் ஓரளவு கை கொடுத்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து சென்னை எழும்பூருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே போட் மெயில் ஓடிக்கொண்டிருந்தது. சென்னையை நோக்கிப் போகும்போது திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் கடந்து சிதம்பரத்தில் நிற்கும். 1930-இல் புதுக்கோட்டைக்கும் மானாமதுரைக்கும் இடையே பாதை போட்டதும் காரைக்குடிப் பக்கமும் ரயிலைப் பார்த்தது. மூன்றாம் வகுப்புப் பெட்டி, கட்டைப் பலகை இருக்கை. தகரப் பெட்டி, சுருட்டிக் கட்டிய ஜமக்காளம், தண்ணீர்க் கூஜா, வீட்டில் போட்டுக் கொடுத்த ஊறுகாயும் வத்தலும் பருப்புப் பொடியும். இதுதான் அன்றைய மாணவனின் சாமான். எதிரே உட்கார்ந்திருப்பவர் யாழ்ப்பாணத்துப் பையனாகவும் இருக்கலாம். கொழும்பில் அப்போது முழுப் பல்கலைக்கழகம் கிடையாது, பல்கலைக்கழகக் கல்லூரி மட்டும்தான். சிலோன் பல்கலைக்கழகம் வந்தது 1942-இல். தலைமன்னாரில் கப்பலேறி, இருபது மைல் கடலைத் தாண்டி தனுஷ்கோடியில் இறங்கி, அதே போட் மெயிலில் இலங்கைத் தமிழர்களும் தமிழகக் கல்லூரிகளுக்குப் போனார்கள். புயலில் சிதைந்து இன்று இடிபாடாக நிற்கும் தனுஷ்கோடி ரயில் நிலையம் மீன்கூடைகளையும் யாத்ரிகர்களையும் மட்டுமல்லாமல் மாணவர்களையும் ஏற்றி இறக்கிய இடம். சுற்றுலா வழிகாட்டிகள் புயலைப் பற்றிச் சொல்வார்கள், இதைச் சொல்வதில்லை.

அடுத்த பாடு சம்பளம். அன்று கல்லூரிக் கட்டணத்தை அப்படித்தான் சொல்வார்கள்: "இந்தத் தவணைக்குச் சம்பளம் கட்டியாச்சா?" மந்தத்தின் கொடுமையை இந்த இடத்தில்தான் சாதாரணக் குடும்பம் முழுதாக உணர்ந்தது. சென்னை மாகாணத்தில் 1929-க்கும் 1933-க்கும் இடையே நெல் விலை ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. ஆனால் கல்லூரிச் சம்பளம் பாதியாகவில்லை. சர்க்கார் வரியும் பாதியாகவில்லை, பழைய கடனின் வட்டியும் பாதியாகவில்லை. கணக்கு எளிது: முன்பு பத்து மூட்டை நெல்லை விற்றுக் கட்டிய அதே தொகையைக் கட்ட இப்போது இருபது மூட்டை விற்க வேண்டும். விளைவதே பதினைந்து மூட்டை என்றால்? 1935-இல் சத்தியநாதன் அறிக்கை மாகாணத்தின் கிராமக் கடனைச் சுமார் 200 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது.

விலை விழாத பொருள் தங்கம். 1931 செப்டம்பரில் இங்கிலாந்து பொன் அளவையைக் கைவிட்டது. ரூபாயும் பவுண்டோடு சேர்ந்து இறங்கியது. தங்கத்தின் விலை ஏறியது. நாடு முழுவதும் குடும்பங்கள் நகையை விற்றுக் காசாக்கின. கோடிக்கணக்கான ரூபாய் பெறுமான இந்தியத் தங்கம் லண்டனுக்குக் கப்பலேறியது. பொருளாதார நூல்கள் இதை நெருக்கடித் தங்க ஏற்றுமதி என்று ஒரு வரியில் சொல்லி முடிக்கும். அந்தத் தங்கத்தில் தாய்மார்களின் அட்டிகையும் அக்காமார்களின் வளையலும் இருந்தன. அவற்றில் ஒரு பங்கு பையன்களின் படிப்புக்குப் போயிற்று.

குமாஸ்தா வீடும் தப்பவில்லை. 1931 இறுதியில் அரசு ஊழியர் சம்பளத்தில் 10 சதவீத வெட்டு விழுந்தது.

அப்படியானால் ஏழைப் பையன் எப்படிப் படித்தான்? பெரும்பாலும் சாதியின் கையைப் பிடித்து. இது கசப்பான விஷயம்தான், ஆனால் இதை விட்டுவிட்டு அந்தக் காலத்து மாணவ வாழ்க்கையைப் புரிந்துகொள்ள முடியாது. விருதுநகர் நாடார்கள் கடைக்கு வரும் ஒவ்வொரு மூட்டைச் சரக்குக்கும் மகமை என்று ஒரு சிறு தொகை பிடித்தார்கள். அந்தப் பொதுப்பணம் பள்ளிக்கூடமானது; சத்திரிய வித்தியாசாலை 1889-லேயே எழுந்தது. நாடார் மகாஜன சங்கம் மேற்படிப்புக்குக் கடனாக உதவித்தொகை கொடுத்தது. படித்து முடித்து வேலைக்குப் போனதும் திருப்பிக் கட்ட வேண்டும், அதை வைத்து அடுத்த பையன் படிப்பான். நகரத்தார் தர்மக் கணக்கிலிருந்து கொடுத்தார்கள். பிராமண மாணவர்களுக்கு வாரச் சாப்பாடு என்று ஒரு வழக்கம் இருந்தது: திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று ஏழு நாளும் ஏழு வீட்டில் இலை போடுவார்கள். ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கு அரசின் லேபர் இலாகா சில பள்ளிகளையும் உதவித்தொகைகளையும் நடத்தியது. தேவைக்கு முன்னால் அது மிகச் சிறியது.

ராமேஸ்வரத்துக் கடற்கரைப் பரதவனுக்கு, கமுதிப் பக்கத்துப் புஞ்சைக்காரனுக்கு, மண்டபம் முகாமில் திரும்பி வந்திறங்கிய தோட்டத் தொழிலாளிக்கு மகமையும் இல்லை, தர்மக் கணக்கும் இல்லை. மந்தம் எல்லோரையும் அடித்தது. ஆனால் எழுந்து நிற்கப் பிடிமானம் சிலருக்கே இருந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் இந்த மாவட்டத்தின் எந்தப் பகுதி படித்தது, எந்தப் பகுதி பின்தங்கியது என்பதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

சரி, சிதம்பரத்துக்குப் போய்ச் சேர்ந்த மாணவன் என்ன கண்டான்?

புதுக் கட்டடங்கள், புது ஹாஸ்டல்கள், சுற்றிலும் வயல். நகருக்கும் அண்ணாமலைநகருக்கும் நடுவே ரயில் பாதை. ஊரில் கேள்விப்பட்டிராத அளவுக்குப் பெரிய ஆட்கள் வகுப்பெடுத்தார்கள். மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவிலிருந்து வந்த விபுலானந்த அடிகள் 1931 முதல் 1933 வரை தமிழ்ப் பேராசிரியர். அறிவியலும் படித்த துறவி அவர். புலவர் உலகம் பாரதியை ஏற்கத் தயங்கிய காலத்தில் மாணவர்களிடையே பாரதி பாடல்களைப் பரப்பியவர். அவருக்குப் பின் நாவலர் சோமசுந்தர பாரதியார் வந்தார். 1935 முதல் 1940 வரை துணைவேந்தர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார். வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்து, வறுமையோடு மல்லுக்கட்டிப் படித்து, ஆங்கிலப் பேச்சால் உலகம் சுற்றியவர். சம்பளம் கட்ட முடியாமல் நிற்பது என்றால் என்னவென்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கட்டுரைக்கு முக்கியமான ஆசிரியர் இன்னொருவர்: பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார். மகிபாலன்பட்டிக்காரர். இளம்பிள்ளை வாதத்தால் கால் பாதிக்கப்பட்டவர். திண்ணைப் பள்ளியில் சில மாதங்களே உட்கார்ந்தவர். சிறு வயதிலேயே இலங்கைக்கு வியாபாரத்துக்கு அனுப்பப்பட்டவர். தமிழையும் வடமொழியையும் தாமாகவே முயன்று கற்றார். கல்லூரிப் படியே மிதிக்காத அவர் 1934-இல் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். பட்டத்தைப் பார்க்காமல் படிப்பைப் பார்த்து ஆள் எடுத்தது அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆரம்ப காலப் பெருமைகளில் ஒன்று.

அவரைத் தேடி வந்த மாணவர்களில் ஒருவரின் கதை மந்த காலத்து மாணவனின் கதையாகவே நிற்கிறது.

மேலைச்சிவபுரியில் 1917-இல் பிறந்த மாணிக்கம் சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தார். செட்டிநாட்டு வழக்கப்படி பதினொரு வயதில் பர்மாவுக்கு அனுப்பினார்கள். லேவாதேவிக் கடையில் முதல் படி பெட்டியடிப் பையன் வேலை. கடையைக் கூட்ட வேண்டும், தண்ணீர் எடுக்க வேண்டும், பெரியவர்கள் சொல்லும் கணக்கை எழுத வேண்டும். பிறகு அடுத்தாள், அதன் பிறகு ஏஜெண்டு என்று மேலே போகலாம். அவர் ரங்கூனில் இருந்தது சரியாக நெல் விலை விழுந்து கடைகள் ஆடிய ஆண்டுகளில். ஒரு நாள் அதிகாரி வரும்போது, தாம் உள்ளே இருந்துகொண்டே 'முதலாளி இல்லை' என்று சொல்லச் சொன்னார் முதலாளி. பையன் மறுத்துவிட்டான். பொய் சொல்ல மாட்டேன் என்றதற்காக வேலை போயிற்று என்றும், அதனால் 'பொய் சொல்லா மாணிக்கம்' என்று பேர் வந்தது என்றும் செட்டிநாட்டில் இன்றும் சொல்வார்கள்.

ஊர் திரும்பிய இளைஞர் பண்டிதமணியிடம் வந்து சேர்ந்தார். அவர் கைகாட்ட, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வித்துவான் வகுப்பில் இடம் கிடைத்தது. பிற்காலத்தில் தொல்காப்பியத்துக்கும் சங்க இலக்கியத்துக்கும் உழைத்த வ.சுப. மாணிக்கம் இவர்தான், மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் ஆனார். அன்று அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால் அவர் படிப்படியாக ஏஜெண்டாகி, மோட்டார் கார் வாங்கியிருக்கக்கூடும். தமிழுக்கு அது பெரிய நஷ்டமாகியிருக்கும்.

கொண்டுவிக்கப் போவதே பிழைப்பு என்றிருந்த சமூகத்தில், படிப்பும் ஒரு பிழைப்பு என்ற எண்ணம் அந்த ஆண்டுகளில்தான் ஊன்றியது. ஆனால் படித்தவனுக்கு வேலை எங்கே? இது அன்றைய மாணவர்களை இரவும் பகலும் அரித்த கேள்வி. வடக்கே ஐக்கிய மாகாணத்தில் படித்தோர் வேலையின்மையை ஆராயவே 1934-இல் தேஜ் பகதூர் சாப்ரு தலைமையில் குழு போட்டார்கள். தெற்கிலும் அதே கதை. பி.ஏ. முடித்தவன் குமாஸ்தா வேலைக்கு வரிசையில் நின்றான்.

1909-இல் பிறந்த இரண்டு பேரை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒருவர் காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை. பள்ளிப் படிப்பின் நடுவே வீட்டு நிலைமை தாங்காமல் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்து, பிறகு 1928-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போய், கல்லூரியின் உதவியோடு 1934-இல் பொருளாதாரமும் அரசியலும் படித்து ஆனர்ஸ் பட்டம் பெற்றார். அவர் சி.என். அண்ணாதுரை. இன்னொருவர் கோட்டையூர் அழகப்பச் செட்டியார். 1930-இல் மாநிலக் கல்லூரியில் ஆங்கில எம்.ஏ.; நகரத்தாரில் முதல் எம்.ஏ. அவர்தான் என்பார்கள். அங்கிருந்து லண்டன் போய் பாரிஸ்டரானார். ஒரே வயது, ஒரே நகரம், ஒரே மந்தம். ஒருவருக்குத் தவணைச் சம்பளமே மலை. மற்றவருக்குக் கடல் தாண்டவும் வசதி. படிப்பு பொதுச் சொத்தாக வேண்டும் என்று இருவருமே பிற்காலத்தில் தத்தம் வழியில் பாடுபட்டார்கள்.

அந்த ஆண்டுகளில் வகுப்பறையும் ஊரை நோக்கித் திரும்பியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், முதல் உலகப் போர்க் காலத்தில் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி வீடு வீடாக விசாரிக்க வைத்தார். நிலம் எவ்வளவு, கடன் எவ்வளவு, கூலி என்ன, என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுதி வந்தார்கள். அதில் இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரமும் ஒன்று. இருபது ஆண்டு கழித்து, 1930-களின் நடுவில், பேராசிரியர் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களில் மறு ஆய்வு நடத்தினார்கள். மந்தம் கடந்துபோன அந்த ஊர்களின் நிலைமை 1940-இல் நூலாக வந்தது. சிதம்பரத்தில் பேராசிரியர் பி.வி. நாராயணசாமி நாயுடு விவசாயிகளின் கடனை ஆராய்ந்தார். ராஜாஜி அரசு 1938-இல் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைப் பற்றி அண்ணாமலைப் பல்கலைக்கழகமே 1939-இல் நூல் வெளியிட்டது. கடன் கொடுத்துச் சேர்ந்த செல்வத்தால் எழுந்த பல்கலைக்கழகத்தில் கடனாளியின் பக்கத்து நியாயம் ஆராயப்பட்டது என்பது அதன் ஆசிரியர்களுக்குப் பெருமை சேர்க்கும் செய்தி.

அரசியலும் சும்மா இருக்கவில்லை. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தபோது, போலீஸ் மிரட்டலையும் மீறி வழியெங்கும் மக்கள் சோறு போட்டார்கள். மந்த காலத்தில் சிறுவர்களாக இருந்து 1930-களின் கடைசியில் கல்லூரிக்குள் நுழைந்தவர்கள் இன்னும் சூடாக இருந்தார்கள். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் 1937-இல் சேர்ந்த என். சங்கரய்யா மாணவர் சங்கத்தைக் கட்டினார். 1941-இல் இறுதித் தேர்வுக்குச் சில நாட்களே இருக்கும்போது கைதானார். பட்டம் கடைசிவரை கைக்கு வரவில்லை. ஆர். உமாநாத் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுக் கம்யூனிஸ்ட் இயக்கத்துக்குப் போனார். 1940-இல் சென்னைச் சதி வழக்கில் சிக்கினார். வீட்டில் பசியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளைப் பாடப் புத்தகத்துக்குள் மட்டும் கட்டிவைக்க யாராலும் முடியவில்லை.

இதே ஆண்டுகளில் அமெரிக்காவில் மாணவர்கள் பட்டபாடும் கொஞ்சமல்ல. வங்கிகள் மூடின, அப்பாக்களுக்கு வேலை போனது, கல்லூரிகளில் இடம் காலியானது. ஆனால் அங்கே அரசு இறங்கி வந்தது. 1935-இல் ரூஸ்வெல்ட் அமைத்த தேசிய இளைஞர் நிர்வாகம், நூலகத்திலும் ஆய்வகத்திலும் அலுவலகத்திலும் மாணவர்களுக்குப் பகுதி நேர வேலை கொடுத்து மாதச் சம்பளம் தந்தது. லட்சக்கணக்கானோர் அதனால் படிப்பை விடாமல் தொடர்ந்தார்கள். பிற்காலத்தில் ஜனாதிபதியான லிண்டன் ஜான்சன்தான் டெக்சாஸ் மாநிலத்தில் அதை நடத்தியவர். இங்கே ஆண்ட அரசுக்கு அப்படி ஒரு எண்ணமே எழவில்லை. அதன் கவலை வரவு செலவுத் திட்டத்தில் துண்டு விழாமல் பார்ப்பது. மாணவனுக்கு மிஞ்சியது சாதிச் சங்கமும் தர்மவானும் அம்மாவின் நகையும்தான்.

அந்த ஆண்டுகளின் பாடம் வீண்போகவில்லை. 1947-இல் மாவட்டத்துக்குக் கல்லூரிகள் வரிசையாக வந்தன. சென்னையில் நடந்த அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் சிற்றூர்களில் கல்லூரி தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டார். அழகப்பச் செட்டியார் அங்கேயே எழுந்து ஒப்புக்கொண்டார். சில வாரங்களில், ஆகஸ்டில், காரைக்குடியில் வகுப்பு தொடங்கிவிட்டது. அதே ஆண்டு விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி, சிவகங்கையில் ராஜா துரைசிங்கம் கல்லூரி. காரைக்குடிக் கல்லூரிக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க 1948-இல் வந்து சேர்ந்தவர், ரங்கூனில் பொய் சொல்ல மறுத்த அதே மாணிக்கம்.

மூன்று கல்லூரிகளும் வந்த இடங்களைப் பாருங்கள். மகமை இருந்த ஊர், லேவாதேவிப் பணம் இருந்த ஊர், ஜமீன் இருந்த ஊர். கடற்கரைக்கு எதுவும் வரவில்லை. இராமநாதபுரம் நகருக்கு அரசுக் கலைக் கல்லூரி கிடைக்க 1960-கள் ஆயிற்று.

மந்தத்தின் உச்சத்தில், 1931 அக்டோபர் 15-இல் ராமேஸ்வரத்தில் ஒரு படகுக்காரர் வீட்டில் பிறந்த பிள்ளை இதற்குச் சாட்சி. இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்த அப்துல் கலாம், பட்டம் படிக்க 1950-இல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரிக்குத்தான் போக வேண்டியிருந்தது. அசைவச் சாப்பாட்டுக்குக் கட்டுப்படியாகாமல் சைவத்துக்கு மாறியதாக அவரே சொல்லியிருக்கிறார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ 1,000 ரூபாய் தேவைப்பட்டபோது அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். நாடு விடுதலை பெற்று ஏழெட்டு ஆண்டுகள் ஆகியும், 1930-களின் தாய்மார்கள் செய்ததையே ராமேஸ்வரத்து அக்கா ஒருத்தி செய்ய வேண்டியிருந்தது.

பெருமந்தத்தைப் பற்றிப் பர்மாக் கணக்குகளை வைத்தும் அரசு அறிக்கைகளை வைத்தும் அறிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த ஆண்டுகளில் இந்த மாவட்டத்திலிருந்து படிக்கப் போன சாதாரணப் பையன்களின், விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்களின் வாழ்க்கை அதிகம் எழுதப்படவில்லை. அது வீட்டுப் பரணிலும் பழைய டிரங்குப் பெட்டியிலும் கிடக்கிறது: ரங்கூனிலிருந்து 'இந்தத் தவணை பணம் அனுப்ப இயலவில்லை' என்று வந்த கடிதம், கல்லூரிச் சம்பள ரசீது, ஹாஸ்டல் சாப்பாட்டுக் கணக்கு, வகுப்புப் புகைப்படம், சங்கத்துக்குக் கடனைத் திருப்பிக் கட்டிய சீட்டு. காரைக்குடி வீடுகளை இடித்துத் தேக்குத் தூண்களை விற்கும்போது இந்தக் காகிதங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. கடலோர வீடுகளில் உப்புக் காற்றிலும் கரையானிலும் மடிகின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்துவைத்த புத்தகங்களும் அச்சுத்தாள்களும் இன்று சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. உங்கள் தாத்தாவோ பாட்டியோ 1930-களில் படித்தவர் என்றால், பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். இருப்பதைப் படம் எடுத்து வையுங்கள். யார், எந்த ஊர், எந்த வருடம் என்று பின்னால் எழுதி வையுங்கள். அந்த நூலகத்துக்கோ உங்கள் ஊர்க் கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கோ ஒரு பிரதி கொடுங்கள்.